சக்கரம் ஏறாத எலுமிச்சம்பழங்கள்

எனக்கு வயது எழுபத்தாறு. பெற்றது ஆறு; அக்காள் விட்டுப்போன ஒன்றையும் சேர்த்து வளர்த்தது ஏழு. ஏழும் இன்று சொந்தமாகச் சம்பாதித்துச் சாப்பிடுகின்றன. இதை முதலில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நான் வெறும் ஆள் இல்லை என்று வாசிப்பவர்களுக்குத் தெரிய வேண்டும்.

நுவரெலியாவில் பழைய கார்க்காரர்கள் வருடத்துக்கு ஒரு தடவை கூடுகிறார்கள். ஒவ்வொரு காருக்கும் பக்கத்தில் அதன் கதையைப் பலகையில் ஒட்ட வேண்டுமாம். என் காருக்கும் கதை கேட்டிருக்கிறார்கள். “நீங்க சொல்லுங்க அம்மாயி, நான் ஃபோன்ல அடிச்சிர்றேன்” என்றாள் மூத்த மகளின் மகள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைதான் உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு தம்பி தங்கைகளைப் பார்க்க ஆள் இல்லையென்று நிறுத்திவிட்டார்கள். இருந்தாலும் எழுத்துக் கூட்டத் தெரியும். காரை வாங்கியது நான். கதையையும் நான்தான் எழுதுவேன். மெதுவாகத்தான் வரும். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

அது இரண்டு பேர் மட்டும் உட்காரும் கார். முற்றிய தேயிலை இலையின் பச்சை. தரையோடு தரையாக ஓடும். கதவு என் இடுப்புக்குக்கூட வராது. சக்கரங்களுக்குள் சைக்கிளுக்கு இருப்பது போலக் கம்பிகள். கூரை கித்தான் துணி. மடக்கிப் பின்னால் போட்டுவிடலாம். எங்கள் தோட்டத்துப் பெரிய துரை அதைச் சீமையிலிருந்து கப்பலில் இறக்கினார் என்று சொல்வார்கள். ஆனால் துரை மலை சுற்றுவது ஜீப்பில். காரை ஓட்டியது அவர் மனைவி துரைசாணி. தலையில் ஒரு பூப்போட்ட துணியைக் கட்டிக்கொண்டு அந்த அம்மா பங்களாவிலிருந்து இறங்கினால், கொழுந்து கிள்ளிக்கொண்டிருக்கும் நாங்கள் எல்லோரும் நிமிர்ந்துவிடுவோம்.

“ஆமை போகுது பாருடி” என்பாள் பக்கத்து நிரைக்காரி.

“ஆமை இந்த ஓட்டம் ஓடுமா? பச்சக் கரப்பான்னு சொல்லு.”

கங்காணி கீழேயிருந்து கத்துவார். மறுபடி குனிவோம். அவ்வளவுதான் எங்களுக்கும் அந்தக் காருக்கும் இருந்த உறவு. மூத்த மகள் பிறக்கும் வரைக்கும்.

அது ஆடி மாதம். மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. விடியலில் தொடங்கிய வலி மத்தியானம் ஆகியும் முடியவில்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளின் மருத்துவச்சி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது என் கைக்கு அடங்காது, டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க” என்றுவிட்டாள். தோட்டத்து லொறி தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஹட்டன் ஸ்டேசனுக்குப் போயிருந்தது. என் வீட்டுக்காரர் ஜீப் கேட்டுப் பங்களாவுக்கு ஓடினார். ஜீப்பைத் துரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திரும்பி வந்தது அந்தப் பச்சைக் கார்.

துரைசாணி இறங்காமலே கதவைத் திறந்தார். “ஏறு. சுறுக்கா ஏறு” என்றார். அவருக்குத் தெரிந்த தமிழெல்லாம் பங்களா வேலைக்காரர்களை ஏவுகிற தமிழ். அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

என் மாமியார் விடவில்லை. “நானும் வருவேன். வெள்ளக்காரிக்குப் புள்ள பெத்துப் பாக்கத் தெரியுமா?”

“எங்க ஆத்தா ஏறுவ? ரெண்டு பேரு குந்துற வண்டி” என்றார் என் வீட்டுக்காரர்.

“பின்னால மேல குந்திக்கிறேன்.”

“மொத முடக்குல வளையும்போதே ஆத்துக்குள்ள கெடப்ப.”

மாமியார் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடியே வந்தார். பிறகு மழையில் சின்னதாகிப் போனார். காருக்குள் இரண்டு பொம்பளைகள் மட்டும். கித்தான் கூரை என் பக்கம் கிழிந்திருந்தது; மழை முகத்திலேயே விழுந்தது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். ரோட்டையும் பார்க்கவில்லை, தோட்டத்தையும் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. பாதி வழியில் முனியாண்டி கோயில் இருக்கும் முடக்கில், அந்த இடது பக்கத்து ஆசனத்திலேயே, மூத்தவள் பிறந்துவிட்டாள். துரைசாணி வண்டியை ஓரங்கட்டித் தன் மழைக்கோட்டைக் கழற்றிப் பிள்ளையைச் சுற்றினார். “நல்லம், நல்லம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்படியே டிக்கோயாவுக்கு ஓட்டினார்.

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதே இல்லை. பேச என்ன இருக்கிறது? அவர் பங்களாவில், நான் மலையில். ஆனால் நான் நிற்கும் மலையைத் தாண்டும்போது ஹோனை இரண்டு தரம் அழுத்துவார். நாய்க்குட்டி குரைப்பது போல ஒரு சத்தம், பாம் பாம் என்று. எந்த மலையில் அன்றைக்குக் கொழுந்து என்று எப்படித் தெரிந்துகொள்வாரோ. நான் கூடையோடு நிமிர்ந்து நிற்பேன். கங்காணி அந்த நேரத்தில் மட்டும் கத்த மாட்டார். இத்தனை பொம்பளைகளில் எனக்கு மட்டும் அடிக்கிற ஹோன் அது. அந்தப் பெருமை எனக்கு இன்றைக்கும் குறையவில்லை.

எனக்குப் பெருமையாக இருந்தது மகளுக்கு வேறு மாதிரி இருந்தது. லயத்துப் பிள்ளைகள் அவளைத் “தொரசாணி புள்ள” என்று கூப்பிட்டார்கள். ஹோன் சத்தம் கேட்டால், “ஒங்கம்மா கூப்புடுறாங்க, ஓடு ஓடு” என்பார்கள். அவள் ஓடுவாள், தண்ணி பிடிக்கிற பீலிக்கரைப் பக்கம், காதைப் பொத்திக்கொண்டு. தோட்டங்களை அரசாங்கம் எடுத்து, துரை குடும்பம் சீமைக்குப் போன பிறகும் அந்தப் பேர் போகவில்லை. பெரிய பள்ளிக்கூடம் வரைக்கும் கூடவே வந்தது. நானோ பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்குக்கூட அந்தக் கதையைச் சொல்வேன். நான் சொல்ல ஆரம்பித்தால் அவள் எழுந்து போய்விடுவாள். அவள் டீச்சராகி, கலியாணமாகி, பிள்ளை பெற்ற பிறகும் அப்படித்தான். என் கதையை அவள் முழுதாகக் கேட்டதே இல்லை.

துரை போகும்போது காரைத் தோட்ட ஆபீசில் இருந்த எங்கள் பெரிய கிளாக்கரையா வாங்கிக்கொண்டார். வாங்கி ஓட்டினாரா என்றால், கொஞ்ச நாள்தான். நம் ரோட்டு முடக்குகளில் அந்தக் கார் போகிற போக்கு அவருக்குப் பயம். டிக்கோயாவில் சொந்த வீடு கட்டிப் போனபோது, மரக்கட்டைகள் மேல் ஏற்றிக் கொட்டகைக்குள் நிறுத்திவிட்டார். நான் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கொட்டகைக் கதவைப் பார்த்துக்கொண்டே நடப்பேன். ஒரு நாள் அதே ஆசனத்தில், மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணைத் திறந்துகொண்டு அந்த வழியே போக வேண்டும் என்று நினைப்பேன். யாரிடமும் சொன்னதில்லை.

கிளாக்கரையா போய், அவர் மனைவியும் போன பிறகு, அவர்கள் மகன் வீட்டை விற்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். அன்றைக்கே பஸ் ஏறினேன். அந்த மகனும் தலை நரைத்த மனிதர்தான்.

“காரா? அந்த இரும்பா? கொழும்புல இருந்து ஒருத்தர் கேட்டிருக்காருங்க. கழட்டி, தனித்தனியா விக்கப் போறாராம்.”

“கழட்ட வேணாம் தம்பி. முழுசா எனக்குக் குடுங்க.”

“ஒங்களுக்கு எதுக்குங்க அது?”

“என் மக பொறந்த எடம் அது.”

அவர் முதலில் சிரித்தார். பிறகு கொட்டகைச் சாவியைத் தேடி எடுத்து வந்தார்.

உள்ளே காரின் மேல் பழைய படங்குகளைப் போட்டு மூடியிருந்தார்கள். நாங்கள் கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற அதே சாக்குப் படங்கு. தூக்கிப் பார்த்தேன். பச்சை நிறம் அங்கங்கே வெளிறி, மூஞ்சியில் மட்டும் சந்தனமும் குங்குமமும் அடை அடையாக இருந்தது. கீழே குனிந்தேன். நாலு சக்கரத்துக்கும் அடியில் பாக்குக் கொட்டை போலக் கறுப்பாக என்னவோ குவிந்து கிடந்தது. கையில் எடுத்தால் கல் மாதிரி இருந்தது.

“எலுமிச்சம்பழம்” என்றார் அவர். “எங்கம்மா வருசா வருசம் ஆயுத பூசைக்கு வைப்பாங்க.”

எனக்கு விளங்கிவிட்டது. ஆயுத பூசையன்று எந்த வண்டிக்கும் சக்கரத்தடியில் பழம் வைத்து, அதை நசுக்கிக்கொண்டு ஓட்டிப் போவதுதானே வழக்கம். இந்த வண்டியோ கட்டை மேல் நிற்கிறது. சக்கரம் தரையிலேயே படவில்லை. அந்த அம்மா ஒரு வருடமும் விடாமல் பழம் வைத்திருக்கிறார். சக்கரம் ஏறாத பழத்தை எடுக்கக் கூடாது என்று கூட்டவும் விடவில்லையாம். வருடத்துக்கு வருடம் பழைய பழத்தின் பக்கத்தில் புதுப் பழம்.

அந்த மனிதர் படங்கைத் திரும்ப இழுத்து மூடினார். “அம்மா பொட்டு வச்ச வண்டிய கழட்டி விக்க எனக்கும் மனசு வரலங்க. நீங்களே எடுத்துக்குங்க” என்றார். என்ன விலை என்று இங்கே எழுத மாட்டேன். வேலையை விட்டபோது கிடைத்த என் சேமலாபப் பணத்தில் மிச்சம் வைத்திருந்தது. பிள்ளைகள் யாரிடமும் கை நீட்டவில்லை. எலுமிச்சம்பழங்களையும் ஒன்று விடாமல் பொறுக்கி முந்தானையில் கட்டிக்கொண்டேன்.

என் கடைசி மகன் எங்கள் தோட்டத்துச் சந்தியில் கராஜ் வைத்திருக்கிறான். லொறியில் கட்டிக் கொண்டுவந்து இறக்கியபோது, அவன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டான். மூத்த மகள் பள்ளிக்கூடம் விட்டு வழியில் இறங்கினாள். ரோட்டில் நின்றபடியே பார்த்தாள். உள்ளே வரவில்லை.

“அம்மா, இந்த இத்துப்போன கார வாங்கி என் மானத்தத்தான் வாங்கப் போறீங்க” என்றாள். “இனிமே எம் புள்ளைங்களையும் ஊரே தொரசாணி பேரப்புள்ளைன்னு சொல்லட்டும்.”

“ஓடுற மாதிரி ஆகட்டும். நீயும் நானும் டிக்கோயா வரைக்கும் போவோம்.”

“நான் அதுல ஏறுறதா? ஏற மாட்டேன். எழுதி வச்சுக்குங்க.”

போய்விட்டாள். எழுதி வைத்துக்கொள்ளவில்லை அப்போது. இப்போது எழுதுகிறேன்.

கார் வேலை ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலம் வரைக்கும் இழுத்தது. இஞ்சினைத் திறந்த அன்றைக்கு மகன் போட்ட சத்தத்தில் நான் உலை வைத்ததை விட்டுவிட்டு ஓடினேன்.

“அம்மா, இங்க வந்து பாருங்க. இது இஞ்சின் இல்ல, அல்வாச் சட்டி!”

உண்மையிலேயே உள்ளே பழுப்பாக, பிசுபிசுவென்று, அல்வாதான். விரலில் எடுத்து முகர்ந்து பார்த்தேன். காறல் எடுத்துப் போன நல்லெண்ணெய். எண்ணெய் ஊற்றும் மூடி எதுவென்று கிளாக்கரையா எப்போதோ காட்டியிருப்பார் போல. சாமி விளக்குக்கு ஊற்றியது போக மிச்சத்தை அந்த அம்மா வருடா வருடம் காருக்கும் ஊற்றியிருக்கிறார். வண்டிக்கும் எண்ணெய்தானே என்று நினைத்திருப்பார். விளக்குக்கு ஆகிறது வண்டிக்கு ஆகாதா?

“நாசமாப் போச்சாடா?” என்றேன்.

மகன் கத்தியால் சுரண்டினான். அடியில் இரும்பு பளிச்சென்று இருந்தது. “ஒட்டிக்கிச்சு. ஆனா இந்த எடத்துல துருப் பிடிக்கல” என்று தலையைச் சொறிந்தான். “திட்டுறதா கும்புடுறதான்னு தெரியலம்மா.”

அந்த அல்வாவை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கரைத்தோம். உள்ளே பிஸ்டன்கள் இறுகிப்போயிருந்தன. அதற்கு டீசல் ஊற்றி விட்டு, தினமும் கியரில் போட்டுக் காரை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்ப்பான். அசையாது. மறுநாள் மறுபடி. ஒரு சாயந்தரம் கடக்கென்று ஒரு சத்தம். அவன் காரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். பெற்றோல் டாங்கிக்குள் ஆற்றுக் கூழாங்கல்லைப் போட்டு ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினோம். துரு செந்தண்ணியாக வந்தது. வயரையெல்லாம் எலி தின்றிருந்தது. பிரேக்குக்கு ரப்பர் கொழும்பிலிருந்து வந்தது, முதலில் தப்பானதும் பிறகு சரியானதும்.

எனக்குக் கொடுத்த வேலை சக்கரக் கம்பி. ஒவ்வொரு கம்பியாகத் துருவைத் தேய்த்து எடுக்க வேண்டும். என் விரலுக்கு அது பழக்கம்தான். ஒன்று முடிந்தால் அடுத்தது, நிரை முடிகிற வரைக்கும் நிமிரக் கூடாது. வாசலில் சாக்கை விரித்து மடியில் சக்கரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ரோட்டில் போகிற பழைய நிரைக்காரிகள் நின்று, “என்னடி, காருக்குப் பேன் பாக்குறியா?” என்பார்கள். “ஆமா, ஒனக்கும் பாக்கவா?” என்பேன்.

ஆசனத்துக்குத்தான் சண்டை வந்தது. ஹட்டனிலிருந்து வந்த, பாஸ் என்று நாங்கள் கூப்பிடுகிற சீட் தைக்கும் சிங்களத் தொழிலாளி இரண்டையும் தட்டிப் பார்த்துவிட்டு, “அம்மே, ரெண்டும் வீசணும். புதுசு போட்டா ஜோடி சரி” என்றார். வலது பக்கத்தைக் கொடுத்தேன். இடது பக்கத்தைக் கொடுக்கவில்லை. எலி கடித்த இடத்தை மட்டும் தைத்துத் தரச் சொல்லி, தோலுக்கு நானே தேங்காயெண்ணெய் தேய்த்து வெயிலில் காயவைத்தேன். அதனால் இன்றைக்கும் ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு. நுவரெலியாக் கூட்டத்தில் இதற்குக் குறை சொல்வார்களாம். சொல்லட்டும். அவர்கள் அதில் பிள்ளை பெறவில்லை.

ஹோனுக்கும் அப்படித்தான். மகன் பாட்டுப் பாடுகிற பஸ் ஹோன் ஒன்றை வாங்கி வந்தான். திருப்பிக் கொடுக்க வைத்தேன். பழைய ஹோனைத் தட்டிக் கொட்டித் துருவெடுத்து, ஒரு வழியாக அது பாம் என்றபோது நான் ஒருத்தி மட்டும் கராஜுக்குள் நிமிர்ந்து நின்றேன், முதுகில் கூடை இருப்பது போல.

காரை வெளியே எடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நுவரெலியாவில் மரக்கறி லொறி ஓட்டும் பெரிய மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். மூத்த மகள், சாப்பாட்டுக்கு மட்டும் வருவதாகச் சொல்லிவிட்டு வந்தாள். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பூசணிக்காய் உடைத்தாயிற்று. மருமகள் புது எலுமிச்சம்பழம் கொண்டுவந்தாள். நான் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, காலையில் முந்தானையில் முடிந்துவந்த அந்தக் கறுத்த பழங்களை அவிழ்த்துச் சக்கரத்துக்கு முன்னால் கொட்டினேன். இத்தனை வருடம் ஒரு சக்கரத்துக்காகக் கிடந்தவை. அவற்றைவிட்டுப் புதுசை வைக்க எனக்குக் கை வரவில்லை.

பெரியவன் என்ற முறையில் மரக்கறி லொறிக்காரன் முதலில் ஏறினான். ஏறினான் என்பதைவிட நுழைந்தான் என்று எழுத வேண்டும். ஸ்டேரிங் அவன் வயிற்றில் பதிந்துவிட்டது. மூச்சும் விட முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. கடைசி மகன் கைகளைப் பிடித்து இழுத்தான்.

“இழுக்காதடா, குடல் வருது!”

“மூச்ச உள்ள இழுண்ணே. ஒன் லொறியில ஏத்துற கோவா மரக்கறி மூட்டை மாதிரி இருந்துக்கிட்டு ஸ்போர்ட்ஸ் கார் கேக்குதா ஒனக்கு?”

ஒரு வழியாகப் பிடுங்கி எடுத்தார்கள். பிறகு கடைசி மகன் ஏறினான். அவன் நெட்டை. முழங்கால் இரண்டும் ஸ்டேரிங்குக்கு மேலே வந்து நின்றன. பிரேக்கை மிதித்தால் கிளச்சும் சேர்ந்து மிதிபட்டது. இஞ்சினை மட்டும் வெளியே நின்று பார்த்தவன், உள்ளே உட்கார்ந்து ஓட்டிப் பார்க்கவே இல்லை. கார் ஒரு துள்ளுத் துள்ளி நின்று போனது. எலுமிச்சம்பழம் அப்படியே கிடந்தது.

அப்போது ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. மூத்த மகள் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணி வர. அவள் என் உடம்பு, மெல்லிசு, குட்டை. தன் வீட்டுக்காரருடைய வேனை ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் ஓட்டுகிறவள். தம்பிகளை இரண்டு பக்கமும் தள்ளினாள்.

“தள்ளுங்கடா அங்கிட்டு. ரெண்டு எருமையும் சேந்து வண்டிய ஒடச்சிருவீங்க.”

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்தாள். அளந்து தைத்தது போல இருந்தது. உட்கார்ந்த பிறகுதான் எந்தக் காருக்குள் உட்கார்ந்திருக்கிறோம் என்று அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். சிரிப்பு நின்றது. ஸ்டேரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கிவிடுவாளோ என்று எனக்குப் பயம். நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் பேசாமல் இருந்தது அந்த ஒரு தரம்தான் என்று பிள்ளைகள் இன்றைக்கும் கேலி செய்கிறார்கள்.

“ஏறுங்க” என்றாள். “சுறுக்கா ஏறுங்க.”

நான் ஏறினேன். என் முதுகுக்கு அந்த ஆசனம் தெரிந்திருந்தது. இஞ்சின் உறுமியது, கீழே படபடவென்று பழங்கள் நொறுங்கின. கொஞ்சம் புளிப்பு வாசம்கூட வந்தது, எத்தனை காலத்துப் பழமோ.

கூரையை மடக்கியிருந்தோம். இந்த முறை நான் கண்ணை மூடவில்லை. அவ்வளவு தாழ்வில் உட்கார்ந்து பார்த்தால் தேயிலை நம் தலைக்கு மேலே நிற்கிறது. இத்தனை வருடம் மேலேயிருந்து மட்டும் பார்த்த செடி. ரோட்டைப் பார்த்தேன், பாலத்தைப் பார்த்தேன், முனியாண்டி கோயிலைப் பார்த்தேன். அங்கே வந்ததும் நான் சொல்லாமலே அவள் ஓரங்கட்டினாள். இடம் அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. இஞ்சினை நிறுத்தவில்லை.

“நான் அழுதேனா?” என்று கேட்டாள்.

“மொதல்ல நீ அழல. தொரசாணிதான் அழுதாங்க. பெறகு நீ.”

“மழைக்கோட்டு என்ன ஆச்சு?”

“அவங்க திருப்பி வாங்கல. அதுலதான் ஒன்னையத் தூங்க வச்சேன். ஒனக்குப் பெறகு ஒன் தம்பிமாருக்கும்.”

“அத எனக்குச் சொன்னதே இல்லையே.”

“நீ எங்க உக்காந்து கேட்ட?”

கியரைப் போட்டாள். டிக்கோயா வரைக்கும் போய், ஆஸ்பத்திரி வாசலில் திருப்பிக்கொண்டு வந்தோம். வருகிற வழியில் ரோட்டுக்கு மேலே கொழுந்து மலை. ஞாயிற்றுக்கிழமை என்றாலும் அன்றைக்கே கையில் கொடுக்கும் கைக்காசுக்கு ஆட்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னோடு வேலை செய்தவர்கள் யாரும் அங்கே இல்லை. எல்லாம் அவர்கள் மருமகள்கள், பேத்திகள். மகள் அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பிறகு கையை வைத்து ஹோனை அழுத்தினாள். இரண்டு தரம்.

மலையில் எல்லோரும் நிமிர்ந்தார்கள். நானும் நிமிர்ந்தேன்.

இவ்வளவுதான் காரின் கதை. பேத்தி, இங்கே வா. இந்தத் தாள்களை எடுத்து முதலிலிருந்து எனக்கு வாசித்துக் காட்டு. எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள், நடந்ததைத் திருத்தாதே. கொஞ்சம் சத்தமாகவே வாசி. உன் அம்மா அடுப்படியில்தான் இருக்கிறாள். எழுந்து போகிறாளா, இருந்து கேட்கிறாளா, பார்ப்போம்.